ஆடி கழிஞ்சு வாரோமுங்க

அத்தியாயம் 19

வரதராஜுலு வீட்டு வாசலில் மாலை போட்ட புது எலக்ட்ரிக் கார் வந்து நின்றதையும், அதைப் பார்த்த வெங்கடலட்சுமி தோசைக் கரண்டியும் கையுமாகத் தெருவிலேயே நின்றுவிட்டதையும் போன வாரம் பார்த்தோம். மறுநாள் மதியம் வரைக்கும் அவளுக்கு அந்த அதிர்ச்சி தெளியவில்லை.

எப்படித் தெளியும்? வரதராஜுலு அவள் கணவர் சுந்தரராஜுலுவின் சித்தப்பா மகன். அடுத்த தெரு. அவர் வண்டிக்கு முன்பணம் கட்டியது புரட்டாசியில். கார்த்திகை முடிவதற்குள் வண்டி வந்துவிட்டது. இவர்கள் கட்டியதோ சித்திரையில். அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை நிறம். எட்டு மாதமாக இந்த வாரம், அடுத்த வாரம் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வைகாசியிலேயே கம்பெனி ஆள் வந்து போர்ட்டிகோ சுவரில் சார்ஜர் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதில் இப்போது குளவி குடித்தனம் நடத்துகிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் பால் ஊற்றுகிற வேலன்கூட, "ஏனுங்க அம்மணி, வண்டி இன்னும் வரலீங்களா?" என்று கேட்டாகிவிட்டது. மருமகள் சைத்ராவுக்குப் பிறந்த ஊர் ஓசூர். வண்டி செய்கிற ஊரிலிருந்து மருமகள் வந்துவிட்டாள், வண்டிதான் வரமாட்டேன் என்கிறது என்று சொந்தக்காரர்கள் கேலி பேசிச் சிரித்தார்கள்.

சிரிப்பதெல்லாம் சரி. சைத்ராவுக்கு இப்போது ஏழாம் மாதம். மகன் சாய்குமார் கம்பெனி வேலையாகப் புனே போய்ப் பத்து நாள் ஆகிறது. திரும்பி வர மூன்று மாதம் ஆகும். "அப்பா, வண்டி வந்துட்டா நீங்களே சைத்ராவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினான். "நான் எதுக்குடா இருக்கேன்?" என்று சுந்தரராஜுலுவும் மீசையைத் தடவிக்கொண்டார்.

எல்லோரும் கம்பெனியைத் திட்டினார்கள். வெங்கடலட்சுமி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள், கணவர் பம்ப்செட் பட்டறையில் இருந்த நேரம், ஷோரூமிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. வண்டி ரெடி, சாருக்குப் போன் போகவில்லை, நாளை வந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்றது ஒரு பெண் குரல். ஆடியில் யாராவது புது வண்டி எடுப்பார்களா? "ஆடி கழிஞ்சு வாரோமுங்க. அது வரைக்கும் நிறுத்தி வெய்ங்க" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் கணவரிடம் சொல்ல மறந்தாள். மறுநாள் சொல்லப் பயந்தாள். ஆவணியிலும் வண்டி வரவில்லை என்றதும், தன் ஒரு வார்த்தையால் வரிசையே போய்விட்டது என்று அவளுக்குள் ஒரு முள் தைத்துக்கொண்டது. அன்றிலிருந்து இந்த வண்டிப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள்.

வரதராஜுலு வண்டியைப் பார்த்த பிறகு அந்த முள் இருக்க விடவில்லை. தானே நேரில் போய், காலில் விழாத குறையாகக் கேட்டு, மார்கழி பிறப்பதற்குள் வண்டியை வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினாள். மார்கழிக்கு நாலே நாள் இருந்தது.

"துடியலூர் டெய்லர்கிட்டப் போய் ஜாக்கெட் வாங்கிட்டு வாரேன் கண்ணு. நாலு மணிக்குத்தானே செக்கப்? நீ மாமாகூட டாக்சியில வந்துரு. நான் அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்தறேன்" என்று சைத்ராவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். துடியலூர் வந்தது. அவள் இறங்கவில்லை. கவுண்டம்பாளையம் தாண்டி, கண்ணாடி மாளிகை மாதிரி நிற்கிற ஷோரூம் வாசலில்தான் இறங்கினாள்.

உள்ளே ஏசி குளிரில் ஒரு சின்னப் பெண் எழுந்து வந்தாள். தலையில் முக்காடு, கழுத்தில் அடையாள அட்டை. யாஸ்மின் என்று போட்டிருந்தது.

"உக்காருங்கம்மா. என்ன சாப்பிடறீங்க, காபியா டீயா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. சுந்தரராஜுலு, பெரியநாயக்கன்பாளையம். சித்திரையில பணம் கட்டினது." வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "தப்பு எம்மேலதாங்க. ஆடியில வேண்டாம்னு சொன்னவ நான்தான். அதுக்காக இத்தனை மாசமுங்களா? வயித்துப்புள்ளைக்காரி ஊட்டுல இருக்குதுங்க. எப்படியாச்சும் மார்கழிக்குள்ள ஒரு வண்டி குடுத்துப்போடுங்க."

யாஸ்மின் கம்ப்யூட்டரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு வெங்கடலட்சுமியைப் பார்த்தாள்.

"அம்மா, உங்க வண்டி ரெடியாத்தானே இருக்கு? பின்னாடி யார்டுல நிக்குது."

"எப்ப வந்துச்சு?"

"இது மூணாவது வண்டிங்கம்மா. இதுக்கு முன்னால ரெண்டு வண்டி உங்களுக்குன்னு வந்து, நீங்க எடுக்காததால அடுத்தவங்களுக்குப் போயிருச்சு. கடைசியாப் போனதுகூட உங்க ஊருக்குத்தான். நேத்துத்தான் எடுத்தாங்க. வரதராஜுலுன்னு."

வெங்கடலட்சுமி நாற்காலி நுனிக்கு வந்தாள். நேற்று அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது தங்களுக்கு வந்த வண்டியையா?

"நாங்க எடுக்கலைன்னு யார் சொன்னது?"

"ஆடின்னு நீங்க சொன்னது ஒரு தடவை. அதுக்கப்புறம் நாலு தடவை சார்தாங்க தள்ளிப் போட்டாங்க." யாஸ்மின் திரையில் விரலை வைத்துப் படித்தாள். "ஆகஸ்ட் இருபத்தஞ்சு. சாரோட பெரியம்மா தவறிட்டாங்க, தீட்டு, ஒரு மாசம் போகட்டும்."

"அவிங்க பெரியம்மாவா? அது காரமடையில கல்லாட்டம் உக்காந்துட்டு இருக்குதுங்க! போன வாரம்கூட எங்கூட்டுக்கு முறுக்கு குடுத்து உட்டுச்சு!"

யாஸ்மினுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அடுத்ததைப் படித்தாள். "செப்டம்பர் முப்பது. புரட்டாசி சனிக்கிழமை விரதம், முடியட்டும். அக்டோபர் இருபத்தேழு. மருமகளுக்கு உடம்பு சரியில்லை. நவம்பர் இருபது..." நிறுத்தினாள்.

"சொல்லு அம்மணி."

"டிரைவர் ஒருத்தரை ஏற்பாடு பண்ணிட்டு வந்து எடுத்துக்கறேன்."

டிரைவரா? வெங்கடலட்சுமி திகைத்துப் போனாள். முப்பத்திரண்டு வருடமாக அந்த மனிதர் இன்னொருவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்து அவள் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறியபோது ஒற்றைக் கையால் ஓட்டிக்காட்டி அவளிடம் திட்டு வாங்கியவர். பெற்ற மகனுக்கே முழு மனதோடு சாவி தரமாட்டார். அவருக்கு டிரைவர் எதற்கு?

"எங்க ஊட்டுக்காரர்தான் சொன்னாருன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா? வேற யாராச்சும் பேசியிருப்பாங்களோ என்னமோ."

"எனக்கு அவங்களை நல்லாத் தெரியுங்கம்மா. தீபாவளிக்கு முன்னாடி நேர்ல வந்தாங்க." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. ஆனா நீங்க இப்படி அழுவற மாதிரி உக்காந்திருக்கறப்போ நான் எப்படிச் சொல்லாம இருக்கறது?"

தீபாவளிக்கு முந்தின வாரம் சுந்தரராஜுலு தனியாக வந்தாராம். வேறு எதையும் கேட்கவில்லையாம். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுகூடக் கேட்கவில்லை. "இடது பக்கம் யாராச்சும் வந்தா வண்டியே சொல்லுமா அம்மணி?" என்று அதை மட்டும் மூன்று முறை கேட்டாராம். கேமரா இருக்கிறது, சத்தம் கொடுக்கும், ஆனாலும் நாம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று டெமோ காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். வாசல் கேட்டைத் தாண்டும்போது இடது பக்கத் தூணில் மோதிக் கண்ணாடி பெயர்ந்து விழுந்துவிட்டது.

"தூண் அங்கயேதாங்க இருக்கு. எல்லாருக்கும் தெரியற தூணு" என்றாள் யாஸ்மின். "சத்தம் கேட்ட பிறகும் எதுல மோதிச்சுன்னு அவங்களுக்குத் தெரியலை. இறங்கி வந்து பத்து நிமிஷம் பேசவே இல்லைங்க. தண்ணி கேட்டாங்க. கண்ணாடிக்கு உண்டானதைக் குடுத்துட்டு ஆட்டோ புடிச்சுப் போயிட்டாங்க."

வெங்கடலட்சுமி கண்ணாடிச் சுவர் வழியாக அந்தத் தூணைப் பார்த்தாள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து, ஆள் உயரத்துக்கு நின்றது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அவளை அறைந்தது. இடது பக்கம் வைத்த காபி டம்ளரை அவர் மாதத்துக்கு நாலு தடவை தட்டிவிட்டார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். அவள் அந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினார். அப்போதெல்லாம் அவள் என்ன செய்தாள்? "எங்கிருக்குது உங்க நெனப்பு?" என்று திட்டினாள். போன ஞாயிற்றுக்கிழமை சாம்பார்க் கிண்ணம் கவிழ்ந்தபோது, விருந்தாளிகள் முன்னாலேயே திட்டினாள். அவரே துணி எடுத்துத் துடைத்தார். நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சைத்ராவுக்குப் போட்டாள்.

"அத்தை, கிளம்பிட்டோமுங்க" என்றாள் சைத்ரா. பின்னால் ரோட்டு இரைச்சல் கேட்டது.

"டாக்சி வந்துச்சா கண்ணு?"

"டாக்சி இல்லீங்க அத்தை. வரதராஜுலு மாமா அவங்க புது வண்டியைக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. மாமாதான் ஓட்டறாங்க. ஒரு நிமிசமுங்க."

போன் கீழே இறங்கியது. ஆனால் அணையவில்லை. மருமகளின் குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது, அவசரமில்லாமல், நிதானமாக.

"மாமா, இடது பக்கம் ஒரு பைக்கு. விடுங்க, போகட்டும். இன்னொருத்தர் வராரு. ம், இப்பப் போலாமுங்க. லேசா வலது பக்கம் ஒடிங்க, ஓரத்துல பஸ் நிக்குது."

வெங்கடலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இடது பக்கம் தூணே தெரியாத மனிதர் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருகிறார். அது ஒரு பக்கம். அவருக்குக் கண் தெரியாது என்பது சைத்ராவுக்குத் தெரிந்திருக்கிறது. இது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிய அடி என்று அவளால் அந்த நிமிடம் சொல்ல முடியவில்லை.

கத்தக் கூடாது என்று மட்டும் புத்தி சொன்னது. கத்தினால் அவர் கை தடுமாறும்.

"சைத்ரா, எங்க வந்திருக்கீங்க?" மருமகள் குரல் போனுக்குத் திரும்பியதும் முடிந்த மட்டும் சாதாரணமாகக் கேட்டாள்.

"நரசிம்மநாயக்கன்பாளையம் தாண்டிட்டோமுங்க."

"துடியலூர் வந்ததும் பெரிய பேக்கரி இருக்குதல்லோ, அதுங்கிட்ட நிறுத்தச் சொல்லு. நானும் ஏறிக்கறேன். மாமாவை ஒரு டீ குடிக்கச் சொல்லு. பையப் போகச் சொல்லு கண்ணு. ரொம்பப் பைய."

"சரிங்க அத்தை" என்றாள் சைத்ரா. அந்த இரண்டு வார்த்தையிலேயே, அத்தைக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது.

"ஆட்டோ எங்க நிக்கும்?" என்று வெங்கடலட்சுமி வாசலுக்கு ஓடினாள். யாஸ்மின் அவள் கையைப் பிடித்தாள். "ஆட்டோ எதுக்குங்க? வாங்கம்மா, நான் கொண்டுபோய் விடறேன்." மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டெமோ காரை எடுத்தாள்.

எட்டு மாதமாகக் காத்திருந்த அதே மாடல் வண்டியில் முதல் முறையாக ஏறி உட்கார்ந்தது வெங்கடலட்சுமிக்கு உறைக்கவே இல்லை. தேங்காய் உடைக்கவில்லை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. சத்தமே இல்லாமல் வண்டி போனது. எதிரே வருகிற ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்துப் பார்த்து அவள் கண் எரிந்தது. வெள்ளக்கிணறு பிரிவில் கூட்டமாக நாலு பேர் நிற்பதைப் பார்த்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். யாரோ இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

பேக்கரி வாசலில் வரதராஜுலுவின் கார் நின்றிருந்தது. இடது முன்சக்கரம் நடைபாதைக் கல் மேல் ஏறியிருந்தது. மாலைகூட இன்னும் வாடவில்லை. சைத்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுந்தரராஜுலு கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தார்.

வந்து நின்ற டெமோ காரைப் பார்த்தார். அதிலிருந்து இறங்கிய யாஸ்மினைப் பார்த்தார். அதற்குப் பிறகு மனைவியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போனது.

வெங்கடலட்சுமி நேராகப் போய் அவருடைய இடது தோள் பக்கமாக, ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"லட்சுமி, வரதன் கேக்காம சாவியைக் கையில திணிச்சுப்போட்டான்" என்று அவர் யாஸ்மின் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். "தெருவே நின்னு பாக்குது. வேண்டாம்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெங்கடலட்சுமி தன் கையைத் தூக்கி, அவர் காதுக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தாள். மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள். கன்னம் வரைக்கும் வந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். இன்னும் முன்னால் கொண்டுவந்தாள். மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏமண்டி..." என்றாள். கோபமோ துக்கமோ தலைக்கு ஏறினால் அவளுக்கு வீட்டுத் தெலுங்குதான் முதலில் வரும். அதற்கு மேல் தெலுங்கும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பேக்கரி வாசல் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

யாஸ்மின் விலகிப் போய்த் தன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"எப்ப இருந்துங்க?" என்று கடைசியில் கேட்டாள் வெங்கடலட்சுமி.

"ஆனி மாசம் தெரிஞ்சுது. அதுக்கு முன்னால எத்தனை நாளோ." சுந்தரராஜுலு டீ கிளாஸைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பழைய வண்டியில சைத்ராவைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். மார்க்கெட்டுகிட்ட ஒரு தக்காளி வண்டியைத் தட்டிப்போட்டேன். சுப்பாத்தாள்னு ஒரு பொம்பளை. நல்லவேளை, அது எட்ட நின்னுச்சு. இல்லீன்னா தக்காளிக்குப் பதிலா அது போயிருக்கும். ரோடெல்லாம் தக்காளி. நான் எதையுமே பாக்கலை லட்சுமி. சைத்ராதான் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போச்சு. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போச்சாம். இடது கண்ணுல போனது போனதுதான், திரும்பாதுன்னுட்டாங்க."

பழைய வண்டியை அந்த வாரமே அவர் விற்றதும், புதுசு வரப்போகிறதே, பழசு எதற்கு என்று தானே தலையாட்டியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையாக்கும்?"

"எப்படிச் சொல்லுவேன்? நம்ம ஊட்டுல புது வண்டி எடுத்தா மூத்தவன் ஓட்டோணும், ஊட்டுக்காரி பக்கத்துல உக்காரோணும், காரமடைப் பெருமாள் கோயிலுக்கு முதல்ல போகோணும். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தானே? ஊரே வந்து நின்னு பாக்கும். உன்னைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு அத்தனை தூரம் ஓட்ட எனக்குத் தைரியம் வரலை. ஓட்டலைன்னு சொல்லவும் வாய் வரலை. வண்டி வராம இருந்தா ரெண்டும் வேண்டாமே. கம்பெனி மேல பழியைப் போட்டுட்டுப் பஸ்ஸுல போயிட்டு வந்துட்டு இருந்தேன்."

"அதுக்குப் பெரியம்மாவைச் சாகடிச்சீங்களா?"

அவருக்குக் காது சிவந்தது.

வெங்கடலட்சுமி மருமகள் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சத்தியம் வாங்கிட்டாங்க அத்தை." என்றாள் சைத்ரா. "இன்னைக்குகூட நான் ஏறமாட்டேன்னுதான் சொல்ல நெனச்சேன். வரதராஜுலு மாமா முன்னாடி எப்படிச் சொல்றது? தெரு முனை தாண்டினதும் நான் ஓட்டறேன்னு சொல்லிட்டுத்தான் ஏறினேன். மாமா நிறுத்தலை. அதனால இடது பக்கம் நானே பார்த்துச் சொல்லிட்டு வந்தேன்."

"உன் வயித்துல இருக்கறதுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

சைத்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் திட்ட வெங்கடலட்சுமிக்கு உரிமை இருந்தது. ஆனால் திட்டினால் அது வேறு ஒரு கோபத்தில்தான் வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. முப்பத்திரண்டு வருடம் கூடவே இருந்தவளுக்குத் தெரியாதது, இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமே ஆனவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு மாதமாக இவர்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து, ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு, ரசம் ஊற்றுங்க என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு வலித்தது. பச்சையாகச் சொன்னால் பொறாமையாகவும் இருந்தது.

கையை நீட்டினாள். "சாவி."

சுந்தரராஜுலு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதைச் சைத்ராவிடம் கொடுத்தாள். "ஓசூர்ல ஆபீசுக்கு வண்டி ஓட்டிட்டுத்தானே போயிட்டு இருந்தே? ஓட்டு. பைய."

"மாசமா இருக்கற புள்ளையைப் போயி..." என்று இழுத்தார் அவர்.

"கண்ணு தெரியாதவருக்கு மாசமா இருக்கறவ தேவலை."

சொன்ன பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று பார்த்தாள். அவர் பின்சீட்டுக் கதவைத் தடவித் திறந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு அவளும் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இடது பக்கமாக.

யாஸ்மின் ஜன்னலோரம் வந்தாள். "அம்மா, கேக்கக் கூடாதுதான். பதினஞ்சாம் தேதிக்குள்ள எடுக்கலைன்னா புக்கிங் கேன்சல் ஆயிரும்."

"நாளைக்குக் காலையில வாரோம் அம்மணி. யார் ஓட்டறதுன்னு அப்பப் பாத்துக்கலாம்" என்றாள் வெங்கடலட்சுமி.

சாய்பாபா காலனி ஆஸ்பத்திரியில் செக்கப் கால் மணி நேரத்தில் முடிந்தது. குழந்தை நன்றாக இருக்கிறது, எடையும் சரியாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. சத்து மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு சுந்தரராஜுலு மருந்துக்கடைப் பக்கம் போனார். எல்லாவற்றையும் கொட்டிவிட்ட மனிதரின் நடையில் ஒரு லேசு தெரிந்தது. இரண்டு பெண்களும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை" என்றாள் சைத்ரா. ஹேண்ட்பேக்கின் உள் ஜிப்பைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். "மாமாவோட ரெண்டாவது டெஸ்ட் ரிப்போர்ட். பட்டறையில வேலைன்னு அன்னைக்கு மாமா வரலை. நான் மட்டும் போய் வாங்கினேன்."

"இதுல என்ன கண்ணு இருக்குது?"

"வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்குதாம். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணினா இருக்கறதைக் காப்பாத்தலாமாம். நாள் தள்ளினா..." முடிக்க முடியாமல் நிறுத்தினாள். "வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வான்னு டாக்டர் சொன்னாரு. ஒரு மாசம் ஆச்சுங்க அத்தை. மாமாவுக்கு இது தெரியாது. வலது கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்கற தைரியத்துலதான் மாமா பட்டறைக்கே போயிட்டு வராங்க. நான் எப்படிச் சொல்றது? என்னால இதைத் தனியா வெச்சுட்டு இருக்க முடியலை."

வெங்கடலட்சுமி காகிதத்தை வாங்கிப் பிரித்தாள். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டிருந்தது. ஒன்று பாதிக்கு மேல் கறுப்பு. இன்னொன்றின் ஓரத்தில் கறுப்பு தொடங்கியிருந்தது. அதைப் படிக்க அவளுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

"லட்சுமி!" என்று குரல் கேட்டது. மருந்துப் பையோடு சுந்தரராஜுலு வந்துகொண்டிருந்தார். அவள் காகிதத்தைச் சேலை மடிப்புக்குள் தள்ளினாள்.

அவர் வந்து அவளுக்கு அருகில் உட்கார்ந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அவள் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் சொன்ன பின்னாடிதான் மூச்சே வருது லட்சுமி. இனி நமக்குள்ள மறைக்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது. என்ன?"

சைத்ரா அத்தையின் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள் வெங்கடலட்சுமி. "ஒண்ணுமே கிடையாதுங்க."